ஜீஸ் பெண்ட்: தலையணை உறையும் மிச்சத் துணியும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மூன்று பக்கமும் ஆறு வளைத்து ஓடும் சிற்றூர் ஜீஸ் பெண்ட். 1816-ல் ஜோசப் ஜீ அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845-ல் அது மார்க் பெட்வே கைக்கு மாறியது. அவரிடம் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தோர்தான் ஊரில் பெரும்பாலோர். பெட்வே என்ற குடும்பப் பெயரே பலருக்கும் நிலைத்துவிட்டது. அடிமை முறை ஒழிந்த பிறகும் குத்தகையும் கடனும் விடவில்லை. 1932-ல், கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்ததும், அவர் குடும்பத்தார் மாடு, கலப்பை, தானியம் என எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள்.

நைந்த துணியையும் வீசியெறிய முடியாத அந்த வறுமையில்தான் ஊர்ப் பெண்களின் ஒட்டுப்போர்வைக் கலை வளர்ந்தது. வயலில் உழைத்த கால்சட்டையின் முழங்கால் வெளுத்திருக்கும். பையைப் பிரித்த இடம் மட்டும் அடர்நீலமாக இருக்கும். அதை மறைக்காமல், கண்ணில் படுகிற இடத்திலேயே வைத்துத் தைத்தார்கள். மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில், தன் மனம்போல் ஒட்டிச் சேர்ப்பாள். நடுவே பஞ்சைப் பரப்பி, அடித்துணியோடு சேர்த்து நூலோட்டுவதற்குத்தான் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். 1942-ல் மிசூரி பெட்வே, இறந்த கணவரின் வேலைத் துணிகளைக் கொண்டு தைத்த போர்வை, இந்த மரபின் மிக உருக்கமான படைப்பு.

1960-களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைப் போராட்டம் இந்த ஊரையும் எட்டியது. ஊரார் வாக்காளராகப் பதிந்துகொள்ளப் போவதைத் தடுக்க, 1962-ல் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அக்கரையிலிருந்த மாவட்டத் தலைநகர் கேம்டனுக்கு ஒரு மணி நேரம் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. 1966-ல், பாதிரியார் பிரான்சிஸ் வால்டரின் துணையோடு, ‘ஃபிரீடம் குவில்டிங் பீ’ என்ற பெண்கள் கூட்டுறவு தொடங்கியது.

1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்கு, வரிவரியாக மேடுள்ள கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை அதற்குக் கிடைத்தது. கூலி வந்தது உண்மை. ஆனால் எல்லா உறையும் ஒரே அளவில், ஒரே மாதிரி இருக்கவேண்டும். அதில் தைப்பவளின் கற்பனைக்கு வேலை இல்லை. வெட்டி மிஞ்சிய நீளப் பட்டைகளோ வீடுகளுக்குப் போயின. தடித்த கார்டுராயில் நுணுக்கமான பூவேலை எடுபடாது. ஆகவே அகலப் பட்டைகளும் பெரிய சதுரங்களுமே போர்வையை நிறைத்தன. துணியின் வரியோட்டத்தைத் திருப்பி வைத்தால் ஒரே சிவப்பு ஓரிடத்தில் மின்னும், அடுத்த இடத்தில் கறுக்கும். அந்த ஒளி விளையாட்டை அப்பெண்கள் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பொன்மஞ்சளும் செம்மஞ்சளும் இலைப்பச்சையும் கூடிய அக்காலப் போர்வைகள் ஊரின் தலைசிறந்த படைப்புகளில் சேரும்.

2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அதையடுத்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஜீஸ் பெண்ட் போர்வைகள் சுவரேறின. 2006-ல் பத்துப் போர்வைகள் அமெரிக்க அஞ்சல்தலைகளாக வெளிவந்தன. அதே ஆண்டு படகும் மறுபடி ஓடத் தொடங்கியது. கூட்டுறவு 2012-ல் மூடப்பட்டது.