சுனாமிக்குப் பிறகு கொழும்பில் எழுதிய ஒரு மென்பொருள்



போன கிழமை என் பழைய லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் ஒரு கடைக்குப் போனேன். "சேர், இதுக்கு விண்டோஸ் 11 ஏறாது. புதுசு எடுங்க" என்றார் கடைத் தம்பி. விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது உண்மைதான். லினக்ஸ் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். "அது சும்மா கிடைக்கிற சாமான் சேர், நம்பேலாது" என்று சிரித்தார். (நம்மில் எத்தனை பேர் விண்டோஸைக் காசு கொடுத்து வாங்கினோம் என்பது வேறு கதை.)

அந்தப் பேச்சுத்தான் 2004 டிசம்பர் 26ஐ ஞாபகப்படுத்தியது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, அம்பாந்தோட்டை... நாடு முழுக்க 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள். லொறி லொறியாகச் சாமான் போனது. ஆனால் யார் காணாமல் போனார், யார் எந்த முகாமில் இருக்கிறார், எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது, எங்கே எது தட்டுப்பாடு என்று ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை. உம்மாவைத் தேடும் பிள்ளை முகாம் முகாமாக நடக்க வேண்டிய நிலை.

அப்போது கொழும்பில் லங்கா சொப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்ற அமைப்போடு சேர்ந்து, நம் நாட்டு மென்பொருள் பொறியியலாளர்கள் தொண்டர்களாக உட்கார்ந்து எழுதியதுதான் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பதிவேடு. அரசாங்கத்தின் தேசிய செயற்பாட்டு மையமும் அதைப் பயன்படுத்தியது.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. மூல நிரலைப் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் திறந்து விட்டார்கள். 2005 ஒக்டோபர் 8, நோன்பு தொடங்கிய முதல் வாரம், பாகிஸ்தானில் பூமியதிர்ச்சி. 70,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். நம்மூர் சஹன அங்கே போனது. லைசன்ஸ் காசு என்ற பேச்சே இல்லை. அவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவும் தடையில்லை. 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, யோக்யகர்த்தா பூமியதிர்ச்சி. 2010இல் ஹெய்ட்டி. 2006ஆம் ஆண்டுக்கான ஃப்ரீ சொப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் சமூக நன்மைக்கான விருதும் சஹனவுக்குத்தான். அதற்கு முந்திய வருஷம் அதே விருதை வாங்கியது விக்கிபீடியா!

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொன்னேன். "நம்மட ஆக்கள் செஞ்சதா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

லினக்ஸில் தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில வைஃபை கார்ட்டுகளும் பழைய பிரிண்டர்களும் மக்கர் பண்ணும். அதனால் முதலில் பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பாருங்கள்; உள்ளே இருப்பது ஒன்றும் அழியாது. வைஃபை, சத்தம், பிரிண்டர், தமிழ் டைப்பிங் நான்கும் சரியென்றால் மட்டும் ஏற்றுங்கள். அதற்கு முன் படங்களையும் பாடக்குறிப்புகளையும் கொப்பி எடுத்து வையுங்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் யாரிடமாவது தூக்கிப்போட இருக்கிற லப்டொப் இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் மொடலைப் போடுங்கள், சனிக்கிழமை பார்க்கலாம்.