டிகால்: மழையைத் தேக்கி வாழ்ந்த மாநகரம்

குவாத்தமாலாவின் வடக்கே பெட்டேன் என்னும் தாழ்நிலக் காடு பரந்து கிடக்கிறது. அதனுள் அமைந்த டிகால், பழைய மாயா நகரங்களுள் தலையாயது. சுற்றியுள்ள 575 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவோடு சேர்த்து, இயற்கை, பண்பாடு என்னும் இரு சிறப்புகளுக்காகவும் யுனெஸ்கோ இதனை 1979இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இங்கே வருவோர் கண்கள் இயல்பாகவே கோயில் உச்சிகளைத் தேடுகின்றன. ஆனால் இந்நகரின் பேரறிவு தரையில்தான் இருக்கிறது.

டிகாலில் ஆறு இல்லை, ஏரி இல்லை. சுண்ணாம்புப் பாறை நிலம் பெய்த மழையை உறிஞ்சிவிடும். கோடையோ மாதக்கணக்கில் நீளும். இத்தகைய இடத்தில் பல்லாயிரம் பேர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். முற்றங்களுக்குச் சுண்ணாம்புக் காரை பூசி, தரையைச் சற்றே சரிவாக அமைத்தனர். கோயில் படிகளில் வழிந்த மழைநீர் முற்றத்தில் இறங்கி, நீர்த்தேக்கங்களில் சேர்ந்தது. இன்று மரங்களுக்கிடையே பெரும் பள்ளங்களாகத் தெரிபவை அத்தேக்கங்களே. கொரியென்டால் என்னும் தேக்கத்தில் சியோலைட் கனிமமும் குவார்ட்ஸ் மணலும் கிடைத்தன. நீரை வடிகட்டவே இவற்றை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து இட்டார்கள் என்பது சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவு.

இந்த நீர்வளத்தின் மேல்தான் கோபுரங்கள் எழுந்தன. 682இல் அரியணை ஏறிய ஹாசாவ் சான் கவீலின் கல்லறை, சுமார் 47 மீட்டர் உயரமுள்ள முதற்கோயிலின் அடியில் கண்டெடுக்கப்பட்டது. அவன் மகன் எழுப்பிய நான்காம் கோயில் ஏறத்தாழ 65 மீட்டர். அதன் வாயில் உத்தரங்கள் சப்போட்டா மரத்தால் ஆனவை. நம் தோட்டங்களில் பழம் தரும் அம்மரத்துக்குத் தாயகம் அப்பகுதியே. வலிமையான அக்கட்டையில் பல்லக்கில் அமர்ந்த மன்னனையும், அவன் தலைக்கு மேல் வளைந்தெழும் பாம்பையும், எழுத்து வரிசைகளையும் நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். பல நூற்றாண்டு ஈரத்தைத் தாங்கிய அவ்வேலைப்பாடு இன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஒன்பதாம் நூற்றாண்டில் வறட்சி அடுத்தடுத்து வந்தது. அரண்மனையை ஒட்டிய தேக்கங்களின் வண்டலில் பாதரசமும் நச்சுப் பாசியின் தடயமும் கிடைத்துள்ளன. கட்டடங்களுக்குப் பூசிய, பாதரசம் அடங்கிய சாதிலிங்கச் செந்நிறம் மழையில் கரைந்து குடிநீரில் கலந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. நகரின் வீழ்ச்சிக்குப் போரும் அரசியலும் காரணங்களே. எனினும் நீர் குறைந்ததும் கெட்டதும் அதை விரைவுபடுத்தின என்று கொள்வதே பொருத்தம். ஆண்டு பொறித்த கடைசிக் கல்தூண் 869ஆம் ஆண்டுக்குரியது. அதன்பின் காடு நகரை மூடியது.

மக்கள் மறையவில்லை. குவாத்தமாலாவில் இன்றும் இருபதுக்கு மேற்பட்ட மாயா மொழிகள் பேசப்படுகின்றன. டிகாலின் பெருமுற்றத்தில் இன்றும் மாயாக்கள் தீ வளர்த்து வழிபடுகின்றனர். ஆகவே அங்கே செல்வோர், அழிந்துபோன இனத்தின் மர்மத்தைக் காணப் போவதாக எண்ண வேண்டாம். உயிரோடு இருக்கும் ஒரு மக்களினத்தின் முன்னோர் ஊருக்குள் நுழைகிறோம் என்ற மதிப்போடு செல்லுங்கள். கோபுரம் ஏறுமுன் அந்த நீர்த்தேக்கப் பள்ளங்களின் கரையில் சற்று நின்று பாருங்கள்.