ஆள்கட்டியும் அனுமதிப்பத்திரமும்: மலையக இடைத்தரகர் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கந்தப்பளை முதலிய மலையகத் தோட்டப்பகுதிகளில் வெளிநாட்டுத் தொழிலை நாடும் ஒருவர் முதலிற் சந்திப்பது, பெரும்பாலும், கொழும்பிலுள்ள முகவர் நிலையத்தை அன்று. லயத்துக்கு வந்துபோகும் அறிமுகமான ஒரு தரகரையே. இத்தரகர் புதியதொரு சமூக வகையினர் அல்லர். நாட்டெல்லையைக் கடப்பதற்கும் குடியுரிமை பெறுவதற்கும் இடையில் நின்ற மனிதர்களை நம்பியே மலையகத் தமிழர் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் வாழ்ந்துள்ளனர். அவ்விடையாளர் யாருக்குப் பொறுப்புக் கூறக் கடமைப்பட்டிருந்தனர் என்பதே இங்கு ஆராயப்படுவது.

முதல் இடையாளன் கங்காணி. தமிழகக் கிராமங்களில் அவனுக்கு வழங்கிய பெயர் ‘ஆள்கட்டி’. அப்பெயரே மக்கள் மதிப்பீட்டினை உணர்த்தப் போதுமானது. தோட்டத்துரை தந்த முற்பணத்தைக்கொண்டு அவன் ஆட்களைத் திரட்டினான். பழைய கடன், வழிச்செலவு, உணவு யாவும் தொழிலாளியின் பெயரிலேயே பற்றெழுதப்பட்டன. தொழிலாளி மலையேறி முதற் கொழுந்தைக் கிள்ளுமுன்பே கடனாளியானான். வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால் ‘துண்டு’ வேண்டும். இத்தனை ரூபா கடன் செலுத்தப்படின் இக்கூட்டத்தாரை விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. ஆட்பற்றாக்குறை நிலவிய காலங்களிற் புதிய துரை அக்கடனைத் தீர்த்து, மேலும் முற்பணம் தந்தான். துண்டின் தொகை தோட்டத்துக்குத் தோட்டம் ஏறிற்று. கங்காணியின் கை ஓங்கிற்று. தொழிலாளியின் கடனோ குறையவில்லை. நுகர்வோர் உரிமை என்ற இன்றைய கருத்தினை இக்காலத்துக்குப் பொருத்தினால் விசித்திரமான முடிபொன்று கிட்டும். கங்காணியின் சேவையை விலைகொடுத்து வாங்கிய நுகர்வோன் தோட்ட முதலாளி. தொழிலாளி அச்சந்தையிற் பண்டம். எனினும் பண்டத்தின் விலையைப் பண்டமே செலுத்தவேண்டியிருந்தது!

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செயற்படலான ‘தகரச் சீட்டு’ முறையும், 1904இல் திருச்சிராப்பள்ளியை மையமாகக்கொண்டு நிறுவப்பெற்ற இலங்கைத் தொழில் ஆணையகமும் ஆட்சேர்ப்பை ஒழுங்குபடுத்தின. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரத்துண்டைத் தொழிலாளி அணிந்து வந்தான். அதே 1904இல், நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை நோக்கிய குறுகிய இருப்புப்பாதையும் முழுமைபெற்றது. ஆள் வழிதவறாது தோட்டத்தை அடைவதற்கு இவ்வொழுங்குகள் உதவின. வழியில் ஏமாற்றப்பட்டவன் முறையிடுவதற்கு இவற்றில் இடமிருக்கவில்லை.

மாற்றம் 1920களில் ஏற்பட்டது. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டமும் அதன்கீழ் எழுந்த விதிகளும் அனுமதிப்பத்திரம் பெற்றவரே ஆள் சேர்க்கலாம் என வரையறுத்தன. செலவைத் தோட்டங்களின் பங்களிப்பால் அமைந்த பொது நிதி ஏற்றது. அதனைத் தொழிலாளியிடமிருந்து அறவிடுதல் கூடாது. இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். சேவைக்கான செலவு அதனை ஏவியவர்மேலேயே சுமத்தப்படவேண்டும் என்ற கோட்பாடு மலையக வரலாற்றில் முதன்முதலாகச் சட்டவடிவம் பெற்றது இங்கேயே. இதனைத் துரைத்தனத்தின் கருணை என எண்ணுதல் தவறாகும். இந்தியத் தேசிய இயக்கத்தின் நெருக்குதலே இதன் பின்னணி.

1948இன் குடியுரிமைச் சட்டம் வேறொரு வகை இடையாளரைத் தோற்றுவித்தது. 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டும். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப்பதிவில் இன்னொரு பெயர். ஊருக்குப் போய்வந்த காலத்துக்கோ சான்றில்லை. கையெழுத்திடவும் கற்பிக்கப்படாத மக்களிடமே அரசு பத்திரச் சான்றினைக் கோரிற்று. தொடக்கத்தில் இச்சட்டத்தைப் புறக்கணித்த இலங்கை இந்தியன் காங்கிரஸ் பின்னர் விண்ணப்பிக்கத் தூண்டவே, 1951 ஆகஸ்ட் 5ஆந் திகதிக்கு முந்திய மாதங்களிலேயே மனுக்கள் பெரும்பாலும் குவிந்தன. 237,034 மனுக்கள், அவற்றில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். குடியுரிமை கிட்டியதோ ஏறத்தாழ 134,000 பேருக்கே. இத்தோல்விக்கு முதற்காரணம் சட்டத்தின் நோக்கமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானித்த படிவத்தைத் தொழிற்சங்க ஊழியரோ, பெத்திசம் எழுதுபவரோ, படித்த அயலவரோ நிரப்பினர் என்பதும், பிழைக்குப் பொறுப்பேற்க அவர்களுட் பலரைக் கட்டுப்படுத்தும் விதியேதும் இருக்கவில்லை என்பதும் கருதத்தக்கன. ஆள் சேர்ப்பவனுக்கு அனுமதிப்பத்திரம் கேட்ட அரசு, ஆலோசனை கூறுபவனிடம் அதைக் கேட்கவில்லை.

இக்குறையைப் பிறநாடுகளும் பிந்தியே உணர்ந்தன. பிரித்தானியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் தகுதிபெறாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவதைக் குற்றமாக்கியது. நியூசிலாந்து 2007இல் ஆலோசகர்க்கான அனுமதிப்பத்திர முறையை இயற்றியது. இலங்கையில் 1985ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவி, அதன் அனுமதிப்பத்திரமின்றி முகவர் தொழில் நடத்துவதைத் தடைசெய்தது. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமோ, சேவைகள் உரிய திறனோடும் கவனத்தோடும் வழங்கப்படவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் உள்ளார்ந்த உறுதியாக ஏற்றது. பண்டமாயிருந்தவரின் பெயர்த்தி, சட்டநோக்கில், இன்று நுகர்வோர்.

ஆனால் அனுமதிப்பத்திரம் கொழும்பு அலுவலகச் சுவரில் தொங்க, லயத்துக்கு வருபவர் வெறுங்கையோடு வருகிறார். மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணியாளராய்ச் செல்லும் பெண்ணின் குடும்பத்துக்கு முற்பணம் கொடுக்கும் வழக்கமும் பரவியது. அவள் கொடுமை தாளாது இடையில் திரும்ப விரும்பின், அதே தொகை மீளக் கேட்கப்படுகிறது. துண்டு முறையை அறிந்தவர்க்கு இக்கணக்கு புதிதன்று. எனவே அவள் தரகரிடம் கேட்கவேண்டியவை சில: எந்த முகவர் நிலையத்தின் பெயரில் வந்துள்ளீர், அதன் அனுமதிப்பத்திர இலக்கம் யாது, அது எத்திகதிவரை செல்லும், இம்முற்பணம் யாருடைய கடனாக எழுதப்படுகிறது, கொடுக்கும் பணத்துக்கு அந்நிலையத்தின் பற்றுச்சீட்டு எங்கே, ஒப்பந்தத்தைத் தமிழிற் படித்துக்காட்டுவீரா? கூறப்படும் இலக்கத்தைப் பணியகத்திலேயே விசாரித்து உறுதிசெய்யலாம். பற்றுச்சீட்டு இருப்பின் பின்னர் முறைப்பாடு செய்கையில் அதுவே சான்று. 1923இன் விதிகளின்படி கங்காணி தன் அனுமதிப்பத்திரத்தைக் கிராம முன்சீப்பிடம் காட்டவேண்டியிருந்தது. இன்று அதனைக் கேட்கவேண்டியவர் பயணம் செல்பவரே.