மறைநூல்களும் தனியார் நூலகமும்: அடையாறு நூலகத்தின் தோற்றம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ்நாட்டின் மேற்கு மலைச்சாரலில் சித்தர் மரபு இன்றும் மக்கள் நினைவில் வேரூன்றி நிற்கின்றது. கம்பம் பள்ளத்தாக்கில், காமயகவுண்டன்பட்டிக்கு அணித்தாக உள்ள சுருளிமலை, சித்தர்கள் உறைந்த இடமாகப் போற்றப்படுகின்றது. பழனிமலையில் உள்ள முருகன் திருமேனியைப் போகர் ஒன்பது பாடாணங்களைக் கட்டி அமைத்தார் என்பது அங்கு வழங்கும் செய்தி. இவ்வாறு மலைகளும் கோயில்களும் இரசவாத மரபை நினைவூட்டி நிற்பினும், அம்மரபின் நூல்களை ஆராயப் புகுவோர்க்கு நூல்கள் எளிதிற் கிட்டுவதில்லை. கிட்டுவனவும் பல கைகள் மாறி, பல பிரதிகளாகச் சிதைந்து வந்தவையே.

இரசவாத நூல்களைக் காத்தவர் யாவர், அவர் எவ்வாறு காத்தனர் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கின்றது. தனியார் தொகுப்பு ஒன்று நூலகமாக வளர்ந்ததற்குத் தமிழ்நாட்டில் தக்க சான்றாக விளங்கும் அடையாறு நூலகத்தின் தோற்றம் இங்கே சிறப்பாக எடுத்துக்கொள்ளப்படுகின்றது. ஒப்புநோக்கும் பொருட்டு மேலைநாட்டு நிகழ்ச்சிகள் இரண்டு முதலிற் கூறப்படும்.

மறைத்தலும் காத்தலும்

வாதம், வைத்தியம், யோகம், ஞானம் என்னும் நான்கும் சித்தர் நூல்களின் பொருட்பகுப்பாகும். இவற்றுள் வாத நூல்கள் பரிபாஷை என்னும் குழூஉக்குறியால் இயன்றவை. ஒரு சரக்கிற்குப் பல பெயர்கள் வழங்கும். ஒரு பெயர் பல சரக்கினையும் சுட்டும். முப்பு என்னும் சொல்லின் பொருளைப் பற்றி மருத்துவரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆசிரியன் வாய்மொழி இன்றி நூல் விளங்கலாகாது என்பதே இம்முறையின் நோக்கம்.

இம்மறைப்பு இருவகை விளைவுகளைத் தந்தது. நூலை உடைய குடும்பம் அதனைப் பொருளெனப் போற்றிக் காத்தது, இது நன்மை. அக்குடும்பத்தில் கற்பார் அற்றபோது நூலின் பொருள் முதலிலும், பின்னர் ஏடும் மறைந்தன; இது தீமை. பனையோலை காலந்தோறும் பெயர்த்தெழுதப்பட வேண்டிய பொருள் ஆகும். படிப்பாரும் பெயர்த்தெழுதுவாரும் இல்லாத ஏட்டினை எத்துணைக் கருத்தாகப் பூட்டி வைப்பினும், அது செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாதல் உறுதி.

மேலைநாட்டு நிகழ்ச்சிகள் இரண்டு

மறைநூல்களுக்கு நேர்ந்த இவ்வூழ் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஐசக் நியூட்டன் இரசவாதத்தைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்து மிகப் பல குறிப்புகளை எழுதி வைத்தார். அவர்தம் தாள்கள் உறவினர் வழியே போர்ட்ஸ்மத் பிரபுவின் குடும்பத்தை அடைந்தன. 1872ஆம் ஆண்டில் அக்குடும்பத்தார் அவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். கணிதமும் இயற்பியலும் பற்றிய தாள்களை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகம், 1888இல் அட்டவணை முடிவுற்ற காலத்தில், இரசவாதத் தாள்களிற் பெரும்பாலானவற்றைத் திருப்பி அளித்துவிட்டது. அவை 1936ஆம் ஆண்டு இலண்டனில் ஏலம் விடப்பட்டுப் பலர் கைக்குச் சென்றன. பொருளியல் அறிஞர் கெயின்ஸ் தம் சொந்தப் பொருளைக் கொண்டு அவற்றுட் பலவற்றைத் தேடி வாங்கினார். அவை அவர் 1946இல் மறைந்தபின் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கு உரியவாயின. பெருநிறுவனம் ஒன்று பயனற்றதெனக் கழித்ததைத் தனி மனிதர் ஒருவர் மீட்டார் என்பது இங்கு நோக்கத்தக்கது.

இரண்டாவது நிகழ்ச்சி ஆம்ஸ்டர்டாம் நகரத்தது. யூஸ்ட் ரிட்மன் என்னும் வணிகர் 1957 முதல் எர்மீசிய நூல்கள், இரசவாத நூல்கள், மறைஞான நூல்கள் முதலியவற்றைத் தொகுத்து, 1984இல் அத்தொகுப்பைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். உலகில் இத்துறைக்கென அமைந்த நூலகங்களுள் இது தலைசிறந்தது. ஆயினும் 2010இல் வங்கிக் கடன் பற்றிய வழக்கால் அதன் கதவுகள் சிலகாலம் அடைபட்டன. பின்னர் அது மீண்டும் திறக்கப்பட்டு, 2017 முதல் நகரின் பழைய மாளிகை ஒன்றில் அருங்காட்சியகத்துடன் இயங்கலாயிற்று. தனி மனிதரின் ஆர்வம் ஒரு துறையின் நூல்களை ஒருங்கு திரட்ட வல்லது என்பதும், அவர்தம் செல்வநிலை தளரின் தொகுப்பும் தளரும் என்பதும் இதனாற் புலனாகும்.

அடையாறு நூலகம்

இனித் தமிழ்நாட்டிற்கு வருவோம். கர்னல் ஆல்காட்டும் பிளவாட்ஸ்கி அம்மையாரும் பிறரும் 1875ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிரம்மஞான சபையை நிறுவினர். 1882இல் அதன் தலைமையிடம் சென்னையில் அடையாற்றங்கரைத் தோட்டம் ஒன்றிற்கு மாறியது. நாலாண்டுகள் கழித்து, 1886 டிசம்பரில், ஆல்காட் அங்கே நூலகத்தைத் திறந்து வைத்தார். அவர் தமக்கென வைத்திருந்த ஏறத்தாழ 200 நூல்களே அதன் முதற்பொருள். இந்து, பௌத்த, பார்சி, இசுலாமியச் சமயத்தார் அத்திறப்பு விழாவில் தத்தம் முறைப்படி வாழ்த்து வழங்கினர்.

நூலகம் தோன்றிய காலம் ஆராயத்தக்கது. 1884இல் பிளவாட்ஸ்கி அம்மையார் நிகழ்த்தியனவாகக் கூறப்பட்ட அற்புதங்கள் பொய்ம்மை என்னும் குற்றச்சாட்டு சென்னையிலேயே எழுந்தது. இலண்டனிலுள்ள உளவியல் ஆய்வுக் கழகத்தின் சார்பில் ரிச்சர்டு ஆட்சன் வந்து ஆராய்ந்து, 1885இல் அம்மையார்க்கு மாறான அறிக்கையை வெளியிட்டார். அதே ஆண்டில் அம்மையார் இந்தியாவை விட்டு நீங்கினார். ஆட்சன் அறிக்கையின் ஆய்வு முறையில் குறைகள் பல உள என்று அதே கழகத்தின் இதழில் 1986ஆம் ஆண்டு வெர்னன் ஆரிசன் எழுதினார். அவ்வழக்கின் முடிவு எதுவாயினும், இங்கு நமக்கு வேண்டுவது அதன் விளைவேயாகும். அற்புதங்களைப் பற்றிய நம்பிக்கை ஆட்டங்கண்ட மறு ஆண்டிலேயே ஆல்காட் நூலகத்தை எழுப்பினார். மறைஞானத்திற்குச் சான்று கேட்போர்க்கு இனி நிகழ்ச்சியைக் காட்டலாகாது, நூலையே காட்டவேண்டும் என்னும் நிலை அன்று உருவாகியிருந்தது. நூலகத்தின் தோற்றத்தை இச்சூழலோடு பொருத்திக் காண்பதே பொருந்தும்.

ஆர்வத்தால் எழுந்த தொகுப்பு ஆராய்ச்சி நிலையமாக மாறியது, ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ சிரேடர் 1905இல் அதன் இயக்குநராக வந்தபின் ஆகும். அவர் உபநிடதச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை வகுத்தார். பாஞ்சராத்திர ஆகமம் பற்றிய அவர்தம் ஆராய்ச்சி நூல் 1916இல் வெளிவந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் அவர் ஜெர்மானியர் என்னும் காரணத்தாற் காவலில் வைக்கப்பட்டார். 1937 முதல் 'பிரம்மவித்யா' என்னும் ஆராய்ச்சி இதழை நூலகம் வெளியிட்டது. அச்சு நூல்கள் ஏறத்தாழ 2,50,000, ஓலைச்சுவடிகள் ஏறத்தாழ 20,000 என அதன் செல்வம் பெருகியது. மேலை மறைஞானத்தைப் பற்றிய நூல்களும் கீழைத்தேயச் சுவடிகளும் ஒரு கூரையின்கீழ் அமைந்திருப்பது இந்நூலகத்தின் தனிச்சிறப்பு.

தமிழ்ச் சுவடிகளும் இவ்வளாகத்தில் ஒருகாலம் புகல் பெற்றன. உ. வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தபின், அவர் தேடித்தொகுத்த ஏடுகளையும் நூல்களையும் கொண்டு, ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943ஆம் ஆண்டு அடையாற்றில் ஒரு நூலகம் எழுந்தது. அது 1962இல் பெசன்ட் நகரில் தன் சொந்தக் கட்டடத்தை அடைந்தது. ஒரு தனிப்பெரும் புலவரின் வாழ்நாள் தேட்டம் சிதறாமல் நின்றதற்கு, உரிய காலத்தில் ஓர் இடமும் நிறுவனமும் வாய்த்தமையே காரணம்.

ஒப்பாய்வு தரும் பயன்

இருமரபு நூல்களையும் ஒருங்கே வைத்து நோக்குவதால் யாது பயன் எனின், ஒரு சான்று காட்டுதும். பாதரசமும் கந்தகமும் கூடுவதே இரசவாதத்தின் அடிப்படை என்பது இருமரபிற்கும் ஒக்கும். இவ்வொற்றுமையைக் கண்ட அளவில் இரண்டும் ஒரே மூலத்தன என்று கூறுவார் உளர். ஆனால் நம் மரபில் பாதரசம் சிவனுக்கும், கந்தகம் சத்திக்கும் உரியவை. மேலை மரபிலோ கந்தகம் ஆணாகவும் பாதரசம் பெண்ணாகவும், அரசன் அரசியாக உருவகம் பெறும். பொருள் ஒன்றாயினும் பால் மாறி நிற்கும் இவ்வேறுபாடு, எளிதிற் கடன்கோள் பேசுவாரைத் தடுத்து நிறுத்தும். இராமதேவர் மக்கா சென்று யாக்கோபு எனப் பெயர் பெற்றார் என்னும் வழக்கு, அரபு மரபோடு தொடர்பு இருந்ததோ என்னும் ஆராய்ச்சிக்கு இடந்தருவது. அதனையும் கதையாகத் தள்ளாமலும், வரலாறாகக் கொள்ளாமலும், நூற்சான்று கொண்டே துணிதல் வேண்டும்.

அண்மைக் காலத் தொடர்புக்கோ சான்று தெளிவாக உளது. சென்னையைச் சேர்ந்த சபாபதி சுவாமிகளின் யோக நூல் 1880இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பிரம்மஞான சபையாரின் கவனத்தை ஈர்த்தது. பின்னர்ப் பிரான்சு ஆர்ட்மன் அதனை ஜெர்மானிய மொழியிற் பெயர்த்தார். மேலை மறைஞானம் கீழ்நாட்டிற்கு வந்த வழியிலேயே, தமிழகத்து யோக மரபும் மேலைநாட்டை அடைந்தது என்பது இதனாற் பெறப்படும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் துணியப்படுவன மூன்று:

1. இரசவாத நூல்களைப் பெருநிறுவனங்கள் புறக்கணித்த காலங்களில் தனி மனிதரே அவற்றைக் காத்தனர்.

2. தனியார் தொகுப்பு உடையவரின் ஆயுளையும் செல்வத்தையும் சார்ந்தது. அதனைக் கடந்து நிலைக்க வேண்டின் நிறுவனமாதல் வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் அச்சு நூல் தொகுப்பு, அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பெற்று, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றமை இதற்கு மற்றொரு சான்று.

3. அட்டவணை இல்லாத தொகுப்பு ஆராய்வோர்க்கு இல்லாததோடு ஒக்கும். சிரேடர் வருகைக்கு முன்னும் பின்னும் அடையாறு நூலகம் இருந்த நிலையே இதனை விளக்கும்.

ஆதலின் முதுகலை மாணாக்கர் இத்துறையிற் செய்யத்தக்க முதற்பணி, புதுக் கொள்கை வகுத்தல் அன்று. கம்பம் பள்ளத்தாக்கு முதலிய மலைச்சாரல் ஊர்களிலுள்ள மருத்துவக் குடும்பங்களை அணுகி, ஏடு உடையவர் இசைவுடன், ஏட்டின் பெயர், அளவு, முதலும் முடிவும், பெயர்த்தெழுதிய காலம், இன்றைய நிலை ஆகியவற்றை ஊர்வாரியாகக் குறித்தலே அது. ஏட்டை உடையவரிடமிருந்து அகற்றாமலேயே இதனைச் செய்தல் கூடும். ஓர் ஏட்டின் இருப்பு பதிவாகிவிடின், அதனைப் படிக்க வல்லார் பின்னர் வரினும், தேடிச் செல்ல வழி இருக்கும்.