பார்க் டவுனில் பார்க் எங்கே?

சென்ட்ரலுக்கு எதிர்த்தாப்ல இருக்குற எலெக்ட்ரிக் ட்ரெயின் ஸ்டேஷனுக்குப் பேரு பார்க். அந்த ஏரியாவுக்கே பேரு பார்க் டவுன். சென்னைக்கு வந்து இறங்குற யாருக்கும் ஒருதடவையாவது இந்தக் கேள்வி வந்திருக்கணும்: பார்க் எங்கேப்பா?

பார்க் இருந்துச்சு. சின்னதா இல்லைங்க, 116 ஏக்கர். பேரு பீப்பிள்ஸ் பார்க், அதாவது மக்கள் பூங்கா. 1859-ல மெட்ராஸ் கவர்னரா வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன் ஆரம்பிச்சு வச்சது. உள்ளே 11 குளம், அஞ்சு மைலுக்கு மேல பாதை, பேண்டு வாசிக்க மேடை, குளிக்கிறதுக்கு ஒரு பொதுக் குளியலிடம், டென்னிஸ் கோர்ட். பாந்தியன் ரோடு மியூசியத்துல 1855-ல எட்வர்டு பால்ஃபர் தொடங்கின மிருகக்காட்சி சாலையும் கொஞ்ச வருஷத்துல இங்கேதான் வந்து சேர்ந்துச்சு. கறுப்பர் நகரம்னு வெள்ளைக்காரன் பேர் வச்சிருந்த ஜார்ஜ் டவுன் நெரிசல்ல இருந்த ஜனங்களுக்கு மூச்சு விட ஒரு இடம்.

இந்த ட்ரெவெல்யன் ஒரு விசித்திரமான ஆளு. அயர்லாந்துப் பஞ்சத்தப்போ லண்டன் கஜானாவுல உட்கார்ந்துகிட்டு நிவாரணத்துல கையை இறுக்கினவர்னு இன்னிக்கும் ஐரிஷ்காரங்க திட்டுற அதே மனுஷன். மெட்ராஸ்ல என்ன பண்ணார்னா, 1860-ல ஜேம்ஸ் வில்சன் (எகனாமிஸ்ட் பத்திரிகையை ஆரம்பிச்சவர்) கொண்டு வந்த வருமான வரித் திட்டத்தை வெளிப்படையா எதிர்த்தார். எதிர்ப்பை பத்திரிகைக்கும் கொடுத்துட்டார். வேலை போச்சு, லண்டனுக்குத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இந்தியாவுக்கே நிதிப் பொறுப்போட திரும்பி வந்தார்ங்கறது தனிக்கதை. நமக்கு வேண்டியது என்னன்னா, வரியே வேணாம்னு சண்டை போட்ட மனுஷன்கூட, ஊருக்கு ஒரு பூங்கா வேணும், அது பொதுச் செலவுல நடக்கணும்ங்கறதுல சந்தேகப்படலை.

சரி, அந்த 116 ஏக்கர் எங்கே போச்சு? யாரும் ராத்திரியோட ராத்திரியா திருடிட்டுப் போகலை. ஒவ்வொண்ணும் ஒரு நல்ல காரணத்துக்காகத்தான் போச்சு.

1. 1880-கள்ல விக்டோரியா பப்ளிக் ஹாலுக்காக ஒரு துண்டு, 99 வருஷக் குத்தகைக்கு. ஊருக்கு ஒரு டவுன்ஹால் வேணாமா?

2. 1898-ல அடிக்கல் நாட்டி 1900-ல திறந்த மூர் மார்க்கெட். ஊருக்கு மார்க்கெட் வேணாமா? (அது 1985-ல எரிஞ்சு போய் அந்த இடத்துல புறநகர் ரயில் நிலையம் வந்துடுச்சு. பழைய புஸ்தகக் கடைகளை நினைச்சு இன்னும் பெருமூச்சு விடறவங்க நம்மாளுங்கள்ல நிறைய.)

3. 1909-ல ஆரம்பிச்சு 1913-ல திறந்த ரிப்பன் மாளிகை. இதுதான் ஹைலைட். பூங்காவைப் பாதுகாக்க வேண்டிய மாநகராட்சியே தன்னோட ஆபீஸைப் பூங்கா இடத்துல கட்டிக்கிச்சு :-)

4. அப்புறம் ஸ்டேடியம். இப்ப நிக்கிற நேரு ஸ்டேடியம் 1993-ல புதுசா கட்டினது.

5. 1985-ல மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போயிடுச்சு. அங்கே இடம் கிடைச்சது நல்லதுதான். ஆனா ஜனங்க இங்கே வர்றதுக்கு இருந்த ஒரு பெரிய காரணமும் போச்சு.

மிச்சம் இருக்குறது மை லேடீஸ் பார்க்னு ஒரு துண்டு. மத்ததெல்லாம் ஸ்டேஷன் போர்டுல மட்டும்தான்.

லிஸ்ட்டை இன்னொரு தடவை பாருங்க. இதுல எதையும் கெட்டதுன்னு சொல்ல முடியாது. அதான் பிரச்சினையே. பூங்காவை 'பூங்கா'ன்னு பார்க்காம 'காலி இடம்'னு பார்த்தா, அதைவிட அவசரமான ஒரு தேவை எப்பவும் இருந்துகிட்டேதான் இருக்கும்.

இதே சமயத்துல கடல் தாண்டி என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். இங்கிலாந்துல பர்க்கன்ஹெட்ங்கற ஊர் 1847-ல பொதுப் பணத்துல ஒரு பூங்காவைத் திறந்துச்சு. சுத்தி இருந்த மனைகளை வித்து செலவை ஈடுகட்டினாங்க. 1850-ல அதைப் பார்த்து அசந்து போன அமெரிக்கர் ஒருத்தர் பேரு ஃப்ரெடெரிக் லா ஓம்ஸ்டெட். அவர்தான் பின்னாடி நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர். அந்தப் பார்க்கோட முதல் பகுதி திறந்தது 1858. நம்ம பார்க்குக்கு ஒரே ஒரு வருஷம் மூத்தது!

சென்ட்ரல் பார்க்குக்குத் தனிச் சட்டம், தனி வாரியம் எல்லாம் இருந்துச்சு. நிலம் வாங்கின செலவுல ஒரு பங்கைப் பக்கத்துல சொத்து வச்சிருந்தவங்க கிட்டயே வசூல் பண்ணாங்க. 1970-கள்ல நியூயார்க் நகராட்சி கிட்டத்தட்ட திவால் ஆகுற நிலைமைக்கு வந்தப்போ பராமரிப்புப் பணம் சுருங்கிச்சு. புல்லெல்லாம் செத்துப் புழுதி, சுவரெல்லாம் கிறுக்கல், இருட்டினா உள்ளே போகவே பயம்னு ஆயிடுச்சு. 1980-ல தனியா ஒரு அமைப்பு வந்து நன்கொடை திரட்டி மெதுவா மீட்டெடுத்தாங்க.

பணம் நின்னதும் அங்கே பார்க் நாசமாச்சு. ஆனா 843 ஏக்கர் நிலம் அப்படியே இருந்ததால திருப்பிக் கொண்டு வர முடிஞ்சுது. இங்கே நிலமே போயிடுச்சு. இனிமே எத்தனை கோடி கொட்டினாலும் பீப்பிள்ஸ் பார்க் திரும்பாது.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை"ன்னு சொல்றீங்களா? எங்க ஏரியாவுல ஒரு பூங்கா இருக்கு. அரை ஏக்கர் தேறும். திறந்தப்போ புல்தரை, சீசா, ஊஞ்சல், நடைபாதை எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. திறப்பு விழாவுக்கு ஷாமியானா வேற. ரெண்டாவது வருஷம் போர் மோட்டார் ரிப்பேர். தண்ணி ஊத்த ஆள் இல்லாம செடி காய்ஞ்சுது. ஊஞ்சல்ல பலகை போய் சங்கிலி மட்டும் தொங்கிச்சு. பசங்க வர்றது குறைஞ்சுது. உடனே, "யாரும் யூஸ் பண்றதில்லையே"ன்னு ஒரு மூலையில தண்ணி டேங்க், இன்னொரு மூலையில ஒரு ஷெட். நூறு வருஷத்துல 116 ஏக்கருக்கு நடந்தது அரை ஏக்கருக்கு அஞ்சே வருஷத்துல! கட்டுறதுக்குப் பணம் வந்துச்சு. தோட்டக்காரர் சம்பளத்துக்கும் மோட்டாருக்கும்தான் வரலை.

இயற்கையா அமைஞ்ச இடங்களுக்கும் இதே கதிதான். கிண்டியில 1958-ல கவர்னர் எஸ்டேட்ல ஒரு பகுதியை வனத்துறைக்குக் கொடுத்தாங்க. அந்த எஸ்டேட்ல இருந்தே ஐஐடி, நினைவு மண்டபங்கள்னு ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தது போக, 1978-ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சப்போ மிஞ்சினது சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அறிவிச்சதாலதான் அதுவாவது இன்னிக்கு இருக்கு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை 'காலி இடம்'னு நினைச்சுக் குப்பை கொட்டினோம், ரோடு போட்டோம், கட்டடம் கட்டினோம். 2022-ல ராம்சர் பட்டியல்ல இடம் கிடைச்சுது. அதுக்குள்ள பழைய பரப்புல பெரும்பகுதி போயிடுச்சு. 2015-லயும் 2023 டிசம்பர்லயும் வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி நின்னப்போ, அது தன் பழைய இடத்தைத் தேடித்தான் வந்துச்சு. சதுப்பு நிலத்துக்குச் செலவு பண்ணாத காசை வெள்ள நிவாரணமா செலவு பண்றோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நல்லதும் நடக்காம இல்லை. 2010-ல செம்மொழிப் பூங்கா, 2011-ல அடையாறு கழிமுகத்துல 58 ஏக்கர்ல தொல்காப்பியப் பூங்கா. சந்தோஷம். ஆனா ஒண்ணு தோட்டக்கலைத் துறை, இன்னொண்ணு ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளை, கிண்டியும் பள்ளிக்கரணையும் வனத்துறை, சேத்துப்பட்டு ஏரி மீன்வளத் துறை. பெரிய இடத்தை ஒவ்வொரு துறையும் டிக்கெட் போட்டுப் பார்த்துக்குது. டிக்கெட் இல்லாம, செருப்பை மாட்டிகிட்டு நடந்து போற தெருமுனைப் பூங்காதான் மாநகராட்சியோட பொறுப்பு. அதுதான் தவிச்சுக்கிட்டு நிக்குது.

74-வது அரசியலமைப்புத் திருத்தத்தோட 12-வது அட்டவணையில, பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் எல்லாம் நகராட்சி வேலைன்னு எழுதியே வச்சிருக்கு. நகர்ப்புற வனவளர்ப்பும் அதுல இருக்கு. வேலையை எழுதினாங்க, அதுக்கான பணம் எங்கேன்னு எழுதலை.

நான் கேக்குறது மூணே மூணு:

- புதுப் பூங்கா திறக்கிற பட்ஜெட்ல இருந்து பராமரிப்புப் பட்ஜெட்டைப் பிரிச்சு, எந்த வார்டுக்கு எவ்வளவுன்னு வெளியிடணும்.

- பெரிய கட்டடம் கட்டறவங்க பத்து சதவீதம் திறந்தவெளி விடணும்ங்கற விதி இருக்கு. குறிப்பிட்ட அளவுக்குள்ள இருந்தா இடத்துக்குப் பதிலாப் பணமாக் கட்டலாம். அந்தப் பணம் அதே வட்டாரத்துல பூங்காவுக்கே போகணும்.

- பூங்கா நிலத்துல வேற கட்டடம்னா, அதே அளவு நிலம் அதே ஏரியாவுல முதல்ல காட்டணும். காட்டின பிறகுதான் கடப்பாரை.

"ரோடே குண்டும் குழியுமா கிடக்கு, பார்க்குக்குப் பணமா?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனா யோசிங்க. பங்களாவுல தோட்டம் வச்சிருக்கறவருக்குப் பார்க் தேவையில்லை. பத்துக்குப் பத்து ரூம்ல அஞ்சு பேர் இருக்குற வீட்டுப் பையனுக்குத்தான் தேவை. காலையில நடக்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த அம்மாவுக்குத் தேவை. மதியம் வெயில்ல ரெண்டு டெலிவரிக்கு நடுவுல நிழல் தேடுற பையனுக்குத் தேவை (அந்த நேரத்துல பார்த்து நிறைய பார்க்ல கேட்டைப் பூட்டிடறாங்க, அது வேற கொடுமை).

மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு, லேக் இல்லை. நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியா இருக்கு, லேக் இல்லை. பார்க் டவுன்ல பார்க் இல்லை. இந்த லிஸ்ட் இன்னும் நீளாம இருக்கணும்னா, வர்ற பட்ஜெட்டப்போ உங்க வார்டு கவுன்சிலரைப் பிடிச்சு, "நம்ம பார்க்குக்கு இந்த வருஷம் எவ்வளவு?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க மக்களே.

டிஸ்கி: ரிப்பன் மாளிகை ரொம்ப அழகான கட்டடம்தான், மறுக்கலை. பாதி அழகு அதைச் சுத்தி மிச்சமிருக்குற புல்தரையால வந்ததுங்கறது என்னோட தாழ்மையான கருத்து ;-)