துருவுக்கு அடியில் ஒரு முகவரி

செகாவ் 1898இல் எழுதிய கதையொன்றில், கிரேக்க மொழி ஆசிரியர் பெலிகோவ், தாம் மணக்க எண்ணியிருந்த வாரென்காவும் அவளுடைய சகோதரனும் மிதிவண்டியில் செல்வதைக் கண்டு நிலைகுலைந்து போகிறார். ஆசிரியர் ஒருவரும் ஒரு பெண்ணும் தெருவில் இப்படிச் செல்லலாமா என்பதே அவருடைய திகைப்பு. ரஷ்யப் பேரரசில் மிதிவண்டி அன்று வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு. பழமை பேணுவோருக்கு அதிர்ச்சி. சோவியத் காலத்தில் அதே வண்டி சிற்றூர் மக்களின் அன்றாட ஊர்தியாயிற்று. இவ்விரு காலங்களையும் இணைப்பது ஒரு தொழிற்சாலையின் பயணம்.

அலெக்சாந்தர் லெயிட்னர் 1886இல் ரீகா நகரில் நிறுவிய ஆலையே பேரரசின் முதல் மிதிவண்டித் தொழிற்சாலை என்று கருதப்படுகிறது. முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை ரீகாவை நெருங்கவே, 1915இல் அவ்வாலை உக்ரைனின் கார்கிவ் நகருக்கு இடம்பெயர்ந்தது. சோவியத் ஆட்சியில் அது போல்ஷெவிக் தலைவர் பெத்ரோவ்ஸ்கியின் பெயர் தாங்கிய கார்கிவ் மிதிவண்டி ஆலையாயிற்று. நாடெங்கும் ஓடிய 'உக்ரைனா' என்னும் கனத்த சாலை வண்டியும், பந்தய வீரர்கள் விரும்பிய 'ஸ்டார்ட்-ஷோஸ்ஸே'யும் அங்கே பிறந்தவையே.

இன்று அத்தகைய பழைய வண்டியொன்று நம் முன் நிற்கிறது என்று கொள்வோம். அது எவ்வாலையினது, எக்காலத்தது என்று எப்படி அறிவது? எழுத்தின் வடிவைக் கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பவரின் பொறுமை இங்கும் வேண்டும்.

முதலில் ஹேண்டில்பாருக்குக் கீழே, முன் குழாயில் பதித்த முத்திரைத் தகட்டைப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் படித்த கண்ணுக்கு 'எக்ஸ், பி, 3' என்று தோன்றும் மூன்று குறிகள் உண்மையில் 'ஹா, வே, ஸெ' என்னும் ரஷ்ய எழுத்துகள். கார்கிவ் ஆலையின் சுருக்கப் பெயர் அது. 'ஸெ, இ, எஃப்' என்று இருப்பின் அது பென்ஸா நகரின் ஃபுரூன்ஸெ ஆலை. நாரையின் பெயரால் 'ஆயிஸ்த்' என்றிருப்பின் மின்ஸ்க். லித்துவேனியாவின் ஷௌலெய் நகரில் உருவான 'எரெலியூகஸ்' சிறுவர்க்கான வண்டி. அதன் பொருள் கழுகுக் குஞ்சு.

ஆயினும் தகட்டை மட்டும் நம்புதல் ஆகாது. இரண்டு சிறு ஆணிகளைக் கழற்றினால் அது வேறொரு வண்டிக்கு ஏறிவிடும். ஃபிரேமில் அடித்த தொடர் எண்ணை இருக்கைக் குழாயிலும் பெடல் அச்சின் கூட்டுக்கு அடியிலும் தேட வேண்டும். காலத்தை வரையறுக்க வேறிரு சான்றுகளும் உதவும். ஐங்கோண வடிவிலான சோவியத் தரக்குறி 1967இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆலை இட்ட அக்குறி உள்ள வண்டி அதற்கு முந்தியதாக இருக்க இயலாது. மற்றொன்று விலை. 1961 சனவரியில் பத்துப் பழைய ரூபிள் ஒரு புதிய ரூபிளாக மாற்றப்பட்டது. வண்டியுடன் வந்த 'பாஸ்போர்ட்' என்னும் சிறு கையேடு பிழைத்திருந்து, அதில் விலை நூற்றுக்கணக்கான ரூபிளாக இருப்பின், வண்டி பெரும்பாலும் அம்மாற்றத்துக்கு முற்பட்டதே எனலாம்.

இனி மதிப்பு. சாதாரணச் சாலை வண்டிகள் பேரளவில் உற்பத்தியானவை. ஆகவே பழமை ஒன்றே அவற்றை விலையுயர்ந்தவை ஆக்கிவிடாது. போருக்கு முந்தைய வண்டிகளும் பந்தய வண்டிகளுமே சேகரிப்போரை ஈர்க்கின்றன. எந்த வண்டியானாலும் பிறந்தபோதிருந்த உறுப்புகள் எத்தனை எஞ்சியுள்ளன என்பதே முதற் கேள்வி. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் கொண்ட பின்சக்கர ஹப், தோல் இருக்கை, செயின் கவர், காற்றடிக்கும் பம்பு ஆகியவை ஒன்றுக்கொன்று காலத்தால் பொருந்த வேண்டும். டயர் தேய்ந்திருப்பது பெருங்குறையன்று. பிற்கால 'உக்ரைனா'வின் 622 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரிய டயர் இன்றும் கிடைக்கிறது. ஃபிரேம் விரிசல் கண்டிருப்பதே குறை.

இங்குதான் பலர் தவறிழைக்கிறார்கள். துருவைக் கண்டதும் சுரண்டிப் புதுச் சாயம் பூசுகிறார்கள். வண்டி பளபளக்கிறது, ஆனால் அதன் ஆலையையும் ஆண்டையும் சொல்லக்கூடிய எழுத்தும் கோடும் சாயத்தோடு போய்விடுகின்றன. பின்னர் வாங்குபவர் எதைக் கொண்டு அதை அறிவார்? மெல்லத் துடைத்து எண்ணெயிட்டு, எஞ்சியிருக்கும் சாயத்தை அப்படியே காப்பதே நேர்மையான செப்பனிடல்.

ஒரு போருக்கு அஞ்சி இடம்பெயர்ந்த ஆலை வேரூன்றிய கார்கிவ், 1941இல் ஜெர்மானியர் வசமாகி 1943இல் மீண்டது. 2022 முதல் மீண்டும் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. ஒரு நகரம் இத்தனை முறை தாக்கப்படும்போது அதன் நினைவுகள் ஆவணக் காப்பகங்களில் மட்டும் எஞ்சும் என்று நாம் நம்பியிருக்க முடியாது. யார் வீட்டுக் கொட்டகையிலோ சாய்ந்து நிற்கும் வண்டியின் தகட்டிலும் அவற்றுள் ஒரு வரி இருக்கிறது. அதைச் சுரண்டும் முன் ஒருமுறை படித்துவிடுவோம்.