கல்லெழுத்தும் தாளெழுத்தும்

அயர்லாந்திலும் வேல்சிலும், கல்லின் விளிம்பில் கோடு கோடாய் வெட்டிய ஓகம் எழுத்துக்களைத் தாளில் தேய்த்தெடுத்து, சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவோர் உண்டு. 'இன்னார் மகன் இன்னார்' என்பதற்குமேல் அக்கற்களிற் பல எதுவும் சொல்வதில்லை. நம் பக்கத்துக் கற்களோ வாயாடிகள்.

நம்மவர் எடுப்பது மைப்படி. இதைத் தேய்த்தெடுப்பதில்லை, அறைந்தெடுக்கிறார்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்துத் தூரிகையால் அறைவார்கள். தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும். ஈரம் வற்றிவரும் பதத்தில் மை ஒற்றினால் கருமைக்கு நடுவே எழுத்து வெண்மையாய் எழும். வெயில் ஏறினால் தாள் முந்திக் காய்ந்துவிடும், காற்றடித்தால் கிழியும். பொறுமையில்லாதவர்க்கு உரிய வேலையன்று.

கோட்டக்குப்பத்தார் தொலைவு போகவேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டு உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி நான்முகன், சிவன், திருமால் மூவர்க்கும் கோயில் குடைந்ததாக முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பொறித்திருக்கிறான். திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981-இல் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாளி என்பது அதன் செய்தி. அசோகர் கல்வெட்டில் வரும் சதியபுதோ யார் என்று நெடுங்காலம் நடந்த வழக்கிற்கு ஒரு வரியில் தீர்ப்பு!

1886-இல் ஹுல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் சென்னை அரசின் கல்வெட்டறிஞராய் அமர்ந்தபின் படியெடுப்பு முறையாக நடந்தது. அலுவலகம் உதகையிலிருந்து 1966-இல் மைசூருக்குப் போயிற்று. தமிழ்ப் படிகளும் உடன் போயின. அவற்றைச் சென்னைக்குக் கொணருமாறு 2021-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வெறும் தாளுக்கா இத்தனை வழக்கு என்று கேட்கலாம். திருப்பணி என்ற பெயரில் கோயிற் சுவர்கள் பிரிக்கப்பட்டன. மணல்வீச்சால் எழுத்துக்கள் மழுங்கின. அத்தகைய இடங்களில் இன்று தாள்தான் கல்.

ஆகவே சுவரில் மாட்டிய அழகிய படியைக் காணும்போது எனக்கு எழும் முதற்கேள்வி, எந்த ஊர், எந்தச் சுவர், எந்த நாளில் எடுத்தது என்பதே. அக்குறிப்பு இல்லையேல் அது வெறும் அலங்காரம். பாகூர் சு. குப்புசாமி புதுச்சேரிக் கல்வெட்டுக்களை ஊர் ஊராய்த் தொகுத்தார். கோ. விசயவேணுகோபால் பதிப்பில் 2006-இலும் 2010-இலும் அவை நூல்களாயின. அவற்றைப் புரட்டினால், நாம் பேருந்தில் கடந்துபோகும் ஊர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாய் எதிர்ப்படும்.